உறுதிக் கடிதங்கள்

நகை வியாபாரி ஒருவரைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அவர் கதை வியாபாரப் பக்கத்தில் தொடங்கிக் கோர்ட் செய்தியாக மாறிவிட்டது. இலக்கியக்காரனுக்கு அதில் வேலை இல்லை என்பது பொது அபிப்பிராயம். எனக்கு வேலை இருப்பதாகவே படுகிறது. ஒருவன் எதை வாங்கிச் சுவரில் மாட்டுகிறான் என்பதும் ஒரு விமர்சனம்தான். நீரவ் மோதியின் ஓவியச் சேகரம் அப்படி ஒரு விமர்சனம். அதைப் படித்து மதிப்பிட்டவர்கள் வருமான வரிக்காரர்களும் ஏலக்காரர்களும்தான். நாம் இல்லை.

வாழ்க்கை விவரம் சுருக்கமானது. வைர வியாபாரக் குடும்பம். வளர்ந்தது பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில். 1999இல் மும்பையில் சொந்தக் கம்பெனி. ஒரு சிநேகிதிக்குக் காதணி செய்து கொடுக்கப்போய் நகை வடிவமைப்பில் இறங்கியதாகப் பேட்டிகளில் சொன்னார். 2010இல் கோல்கொண்டா வைரம் பதித்த அவருடைய கழுத்தணி ஒன்று ஹாங்காங் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அந்த ஆண்டே தன் பெயரை வியாபாரப் பெயராக்கினார். 2015இல் நியூயார்க் மாடிசன் அவென்யூவில் கடை. 2018 தொடக்கத்தில் பஞ்சாப் நேஷனல் வங்கி புகார் கொடுத்தபோது அவர் நாட்டில் இல்லை. 2019 மார்ச்சில் லண்டனில் கைதானார். குற்றச்சாட்டுகளை மறுத்தார்.

வழக்கின் மையத்தில் இருப்பது 'உறுதிக் கடிதம்' என்கிற வங்கிச் சமாசாரம். இறக்குமதி செய்கிறவருக்காக இங்குள்ள வங்கி, வெளிநாட்டிலுள்ள இன்னொரு வங்கிக் கிளைக்கு 'இவர் தராவிட்டால் நாங்கள் தருகிறோம்' என்று செய்தி அனுப்பும். அதை நம்பி அங்கே கடன் கிடைக்கும். மும்பைக் கிளை ஒன்றிலிருந்து இத்தகைய கடிதங்கள் போதிய ஈடு இல்லாமல், வங்கியின் பிரதான கணக்கில் ஏறாமல் போய்க்கொண்டிருந்தன என்பது குற்றச்சாட்டு. தாய்மாமன் மெஹுல் சோக்ஸியின் கம்பெனிகளையும் சேர்த்து 13,000 கோடி ரூபாய்க்கு மேல். 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி இந்தக் கடித முறையையே நிறுத்திவிட்டது.

குற்றம் நிரூபணமாகிறதா இல்லையா என்பது கோர்ட்டின் காரியம். எனக்கு அந்தக் கடிதம்தான் முக்கியம். வைரம் வாங்க வருகிற பணக்காரருக்கு வைரம் தெரியாது. விற்கிறவரின் கண்ணை நம்பி வாங்குகிறார். அந்தக் கண்ணுக்கு யார் உறுதி? ஓவியம் உறுதி. இன்னின்ன ஓவியங்கள் வைத்திருப்பவர் என்ற பேச்சு, கடைக்குள் நுழையுமுன்பே வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஓவியத்துக்கு ஈடாக ரசனை இருந்ததா என்று எந்தக் கிளையிலும் யாரும் சரிபார்ப்பதில்லை.

2019 மார்ச் 26இல் வருமான வரித்துறைக்காக மும்பையில் 68 ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தன. காய்தோண்டேயின் 1973ஆம் வருஷத்துக் கான்வாஸ் 25 கோடிக்கு மேல் போயிற்று. ரவிவர்மாவின் படம் ஒன்று 16 கோடி. அடுத்த வருஷம் அமலாக்கத்துறைக்காக இன்னொரு ஏலம்: அம்ரிதா ஷேர்கில் 1935இல் தீட்டிய எலுமிச்சைப் பையன்கள், ஹுசேனின் மகாபாரத வரிசையில் ஒன்று, கூடவே கைக்கடிகாரங்கள், கைப்பைகள், ஒரு ரோல்ஸ் ராய்ஸ். அந்த வரிசையில் அபஸ்வரம் எதுவும் இல்லை. எல்லாம் ஒரே கை வாங்கியவை என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

ரவிவர்மாவைப் பிடித்தவனுக்குக் காய்தோண்டேயைப் பிடிக்கக்கூடாது என்று சட்டமில்லை. ஆனால் ஒருவன் உண்மையிலேயே ஒன்றிலிருந்து மற்றதற்குப் போயிருந்தால் போன தடம் இருக்கும். இடையில் சில தப்பான வாங்கல்கள், யாரும் சீந்தாத ஒரு பையனின் படம், வெறும் பிடிவாதத்தால் விற்காமல் வைத்திருந்த ஒன்று. இந்தப் பட்டியலின் தலையில் நிற்பவை எல்லாம் பிறர் ஏற்கனவே உறுதி எழுதி முடித்த பெயர்கள். டெல்லி நிஜாமுதீனில் ஒரு மாடி அறையில், வருஷத்துக்கு ஒருசில படங்கள் மட்டும் முடித்துக்கொண்டு, பேச்சையும் குறைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர் காய்தோண்டே. அவருடைய மௌனத்துக்கு இங்கே கிடைத்த உபயோகம் இது.

அந்த ரவிவர்மா படத்துக்கு வருகிறேன். சிந்தாதிரிப்பேட்டையில் குடியிருக்கிற எனக்கு அதைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியவில்லை. 1880இல் திருவனந்தபுரம் வந்த சென்னை கவர்னரை மகாராஜாவும் தம்பியும் வரவேற்கிறார்கள். கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன். இங்கிருந்து கூவத்தை ஒட்டிக் கிழக்கே நடந்தால் அவர் பெயரிலுள்ள கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் அந்தத் துண்டு 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மண் சுமந்தது பசித்த ஜனம். படத்தில் அவர்கள் இல்லை. ரவிவர்மாவிடம் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. படத்தில் இல்லாததையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது விமர்சகன் வேலை. 16 கோடி என்று எழுதி மாட்டிவிட்டால் அந்தப் பேச்சு எழும்புவதே இல்லை.

இந்தப் பேட்டைக்கும் இது புதுசு அல்ல. சென்னை கவர்னர் தாமஸ் பிட் 1702இல் 48,000 வராகனுக்கு ஒரு வைரம் வாங்கி, 1717இல் பிரான்சு ராஜப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். இன்று லூவ்ரில் இருக்கிறது. இன்னொரு பிட், ஜார்ஜ் மார்ட்டன் பிட், 1734இல் சுங்குராம செட்டியின் தோட்டத்தில் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கினார். கம்பெனியின் ஏற்றுமதிக்காக நெசவாளர், நூற்போர், சாயக்காரரோடு துணியில் சித்திரம் எழுதுகிறவர்களும் குடியேறினார்கள். கவர்னர் பெயரும் செட்டியார் பெயரும் புத்தகங்களில் இருக்கின்றன.

நம் பங்கு என்ன? ரவிவர்மாவைக் காலண்டர் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கினோம். 1894இல் அச்சகம் தொடங்கி வீட்டுக்கு வீடு படம் அனுப்பிய மனிதரைப் பற்றி நமக்குச் சொல்ல அதற்கு மேல் எதுவுமில்லை. ஆதிமூலத்தின் கோடுகளைச் சிறுபத்திரிகை அட்டையில் அச்சடித்தோம். அது நல்ல காரியம். அந்தக் கோடு என்ன செய்கிறது என்று எழுதியவர்கள் சொற்பம். சோழமண்டலத்து ஓவியர்கள் பத்திக் துணி விற்று ஜீவித்துக்கொண்டு 1966இல் கிராமத்தை எழுப்பினார்கள். யார் உறுதிக் கடிதமும் அவர்களிடம் இல்லை. அங்கே இருந்த ராமானுஜம் 1973இல், சின்ன வயதிலேயே செத்தார். பின்னால் சி. மோகன் அவரை வைத்து ஒரு நாவல் எழுதினார். ராமானுஜத்தின் கோட்டுச் சித்திரங்கள் ஏலப் பட்டியல்களில் வரத் தொடங்கிவிட்டன. படத்துக்குக் கீழே அளவு இருக்கிறது, காகிதத்தில் மை என்று இருக்கிறது, பிறகு எதிர்பார்க்கும் விலை.