வழுவும் வழுவமைதியும்: வழுக்காட்டிக் கருவிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கணினிச் செய்நிரலை ஒருவகை எழுத்தாகக் கொள்ளலாமெனின், அவ்வெழுத்தைப் படித்துக் குற்றங் காணும் கருவியை ஒருவகைத் திறனாய்வாளனாகக் கொள்வதில் தவறில்லை. செய்நிரலை இயக்கிப் பாராது, அதன் வாசகத்தை மாத்திரம் படித்து, இந்த மாறி எங்கும் பயன்படவில்லை, இந்த வரியை ஓட்டம் ஒருபோதும் அடையாது என வரி எண்ணுடன் சுட்டும் கருவிகள் அரை நூற்றாண்டாக வழக்கில் உள்ளன. அவற்றை ஈண்டு வழுக்காட்டி என்னும் பெயராற் குறிப்போம். அண்மை ஆண்டுகளில் இக்கருவிகளை றஸ்ற் போன்ற முறைமைச் செய்நிரல் மொழிகளிலே புதிதாக ஆக்கும் முயற்சிகள் பெருகியுள்ளன. அவைபற்றி எழுதுவோரிற் பெரும்பாலோர் அவற்றின் வேகத்தையே விதந்து பேசுகின்றனர். வேகத்தை நாமும் மறுக்கவில்லை. ஆயின் எது வழு என்று விதிக்கும் ஆற்றல் இம்மாற்றத்தினால் யாரிடமிருந்து யாரிடம் செல்கிறது என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை என்பது எமது கருத்தாகும்.

முதல் வழுக்காட்டியின் தோற்றச் சூழலை முதலில் நோக்குதல் தகும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஸ்டீபன் ஜோன்சன், சி மொழிச் செய்நிரல்களைச் சோதிக்கும் 'லின்ற்' என்னும் கருவியை 1978ஆம் ஆண்டின் அறிக்கையொன்றில் விவரித்தார். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் வழியாக அது ஆய்வுகூடத்துக்கு வெளியே பரவிற்று. ஆடையில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துகளைக் குறிக்கும் சொல்லே அதன் பெயராயிற்று. சி மொழித் தொகுப்பான் விரைந்து மொழிபெயர்க்க வேண்டியது. பல கோப்புகளை ஒருங்கு வைத்து ஆறுதலாக ஒப்புநோக்க அதற்கு நேரமில்லை. ஆகவே ஆராயும் பணியைத் தனிக்கருவிக்கு ஒதுக்கினர். இது நல்லதொரு வேலைப்பிரிவினை. அதனினும் முக்கியமானது, அக்கருவி தான் சோதித்த சி மொழியிலேயே எழுதப்பட்டிருந்தமையாகும். அதன் எச்சரிக்கையால் எரிச்சலுற்றவர் அதன் மூலத்தைத் திறந்து படிக்கத் தக்கவராகவும் இருந்தார்.

ஜோன்சனின் அறிக்கையில் நாம் பெரிதும் மதிப்பது அதன் அடக்கமே. வழுக்காட்டி அறிய விரும்பும் செய்திகள் பலவற்றை அறிந்துகொள்ளுதல் கொள்கையளவிலேயே இயலாது என அவர் வெளிப்படையாகக் கூறினார். ஒரு செய்நிரல் தன்னை முடித்துக்கொள்ளும் சார்பினை எப்போதாவது அழைக்குமா என்பதைத் தீர்மானித்தல், கணிதவியலார் தீர்க்கவொண்ணாதது என நிறுவிய நிறுத்தப் பிரச்சினைக்கு ஒப்பானது. எனவே கருவி ஊகித்தே பேசுகின்றது. ஊகம் பிழைக்கவும் கூடும். பிழைக்குமிடத்து எழுதுவோன் செய்யத்தக்கது யாது? 'இவ்விடத்தை ஓட்டம் அடையாது', 'இச்சார்பு பெறும் மதிப்புகள் பயன்படாமை அறிந்தே விடப்பட்டது' என்ற பொருள்படும் குறிப்புகளை அவன் செய்நிரலிலேயே எழுதிக் கருவியை அமைதிப்படுத்தலாம்.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. வழாநிலை, வழு என்ற இரண்டோடு நில்லாது வழுவமைதி என்ற மூன்றாவதையும் நம் இலக்கணகாரர் வைத்தனர். உவப்பினாற் பசுவைத் தாயென அழைப்பது திணைவழு. ஆயினும் காரணம் உளதாகலின் அமையும். காரணத்தை அறிந்தவன் பேசுவோனே என்ற ஒப்புதல் இதில் உண்டு. பைதன் மொழியினர் வரியின் இறுதியில் இடும் 'நோகியூஏ' என்ற குறிப்பும் இவ்வகையினதே. வழுவமைதிக்கு இடந்தராத வழுக்காட்டியை நாம் திறனாய்வாளன் என்னோம்; அது சுங்கக் காவலாளி.

இனி, இத்தகைய கருவியை ஆக்கும் முறையைச் சிறிது பார்ப்போம். கட்டளை வரியிற் கோப்பின் பெயரைப் பெறுதல், வாசகத்தைச் சொற்களாகப் பிரித்தல், சொற்களிலிருந்து தொடரமைப்பு மரத்தைக் கட்டுதல், அம்மரத்தின் கணுக்கள்தோறும் சென்று விதிகளைப் பொருத்துதல், கண்ட வழுவை வரி எண்ணுடன் அச்சிடுதல், வழு இல்லையெனிற் சுழியத்தையும் உளதெனில் வேறோர் எண்ணையும் பணிசெயல் முறைமைக்கு விட்டுச்செல்லுதல் என்பன அதன் படிகள். கடைசிப்படி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தானியங்கிச் சோதனைகள் நம்பியிருப்பது அந்த எண்ணையே. தொழிலாளி ஒருவனின் ஒருநாள் வேலை ஏற்கப்படுவதும் மறுக்கப்படுவதும் அதிற் தங்கியிருக்கும்.

றஸ்ற் மொழி இப்பணிக்குப் பொருந்துவதன் காரணம் வேகம் மட்டுமன்று. 2015இல் முதலாம் பதிப்பாக வெளிவந்த இம்மொழியில், நினைவகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் உடைமையாளன் இன்னதெனத் தொகுப்பான் இயக்கத்துக்கு முன்னரே அறியும். ஆகவே பல கோப்புகளைப் பல இழைகளில் ஒரே வேளையிற் சோதிக்கையில் ஒன்றன் தரவை மற்றொன்று குலைக்குமோ என்ற அச்சம் பெரிதுங் குறைகின்றது. மேலும், 2021இற் பைதன் 3.10 புதிய தொடர்வகையொன்றைக் கொணர்ந்ததுபோல மொழி வளருமிடத்து, அவ்வகையைக் கணுப் பட்டியலிற் சேர்த்தவுடன் அதனைக் கவனியாத இடங்களைத் தொகுப்பானே சுட்டிக்காட்டும். 'ஏனையவை' என்று மழுப்பி எழுதிய இடங்களே தப்பும்.

இவ்வகையிற் பெயர்பெற்றது, பைதன் செய்நிரல்களுக்காகச் சாளி மார்ஷ் 2022இல் வெளியிட்ட 'றஃப்' ஆகும். பைதன் மொழியின் சொந்த மூலத் தொகுதியைச் சோதிக்க இதற்கு ஏறத்தாழ 0.3 செக்கனும், முன்னைய 'பிளேக்8' கருவிக்கு ஏறத்தாழ 12 செக்கனும் ஆனதாக அதன் ஆக்கியோர் வெளியிட்ட ஒப்பீடு காட்டுகிறது. அளவின் மாற்றம் பண்பின் மாற்றமாவதற்கு இது தக்க சான்று. பன்னிரண்டு செக்கன் எடுப்பது வேலை முடிந்தபின் நடக்கும் பரீட்சை. கண்ணிமைப்பில் முடிவது எழுதும்போதே உடனிருக்கும் துணை. 2024இல் இக்கருவியினர் இயந்திரம் ஆக்கித்தந்த தொடர்ப்பகுப்பியைக் கைவிட்டுக் கையால் எழுதிய ஒன்றை வைத்து மேலும் விரைவு கண்டனர். தொடர்ப்பகுப்பியை ஆக்கித்தரும் புகழ்பெற்ற 'யாக்' கருவியைத் தந்தவரும் லின்ற் ஆசிரியர் ஜோன்சனே என்பதை நினைக்கையிற் சிறு புன்னகை தோன்றுகிறது.

ஆயின் றஃப் சோதிக்கும் எண்ணூறுக்கு மேற்பட்ட விதிகள் எங்கிருந்து வந்தன? அவற்றுட் பெரும்பகுதி முன்னைய கருவிகளிலும் அவற்றோடு இணைக்கப்பட்ட துணைக்கருவிகளிலும் பைதன் தொழிலாளர் பல்லாண்டுகளாகத் தம் மொழியிலேயே எழுதிச் சேர்த்தவை. திறந்த உரிமங்கள் அவற்றை எடுத்தாள இடந்தருகின்றன; றஃப் ஆக்கியோரும் இக்கடனை மறைக்கவில்லை. களவு என்று யாரும் கூறவியலாது. ஆனால் பிளேக்8 புறத்தார் எழுதிய விதிகளை ஏற்றுக்கொண்டு வளர்ந்தது. றஃப், வெளிவந்து ஆண்டுகள் சென்ற பின்னும், அத்தகைய வாயிலின்றியே வளர்ந்தது. தன் அலுவலகத்துக்கே உரிய விதியொன்றை வேண்டும் பைதன் எழுத்தாளன், முன்னர் ஒரு மாலைப்பொழுதில் அதனைத் தானே எழுதினான். இப்போது அவன் றஸ்ற் பயிலவேண்டும், அல்லது வேண்டுகோள் விடுத்துக் காத்திருக்கவேண்டும். 2023இல் இக்கருவியின் பின்னணியில் முதலீட்டாளர் பணத்துடன் ஒரு நிறுவனமும் அமைந்தது. கருவி இலவசமே, கருவியை மாற்றும் ஆற்றலோ அரிதாயிற்று.

யாவாஸ்கிரிப்ற் உலகின் வரலாறு இவ்விடயத்திற் படிப்பினை தருவது. டக்ளஸ் குறொக்ஃபோட் 2002இல் ஆக்கிய ஜேஎஸ்லின்ற் ஒரு தனிமனிதரின் சுவையையே விதியாக்கியது. பயன்படுத்துவோரின் மனம் புண்படும் என எச்சரித்தே அதனை அவர் வழங்கினார். 2011இல் அதிலிருந்து ஜேஎஸ்ஹின்ற் பிரிந்தது. 2013இல் நிக்கொலஸ் சகாஸ் தொடங்கிய ஈஎஸ்லின்ற், விதிகள் யாவும் தனித்தனியே சேர்க்கவும் நீக்கவும் தக்கனவாய், அம்மொழியிலேயே எவரும் எழுதக்கூடியனவாய் அமைந்தது. அது வேகங் குன்றியது. எனினும் விதியைப் பற்றிய விவாதத்தை அது பலர்க்கும் உரியதாக்கியது.

எதிர்வாதங்களும் உள. பைதனின் பெருவழக்கான வடிவமே சி மொழியில் எழுதப்பட்டதாகலின் கருவிக்கும் பயன்படுத்துவோனுக்கும் இடையிலான தூரம் புதிதன்று என்பர். உண்மையே, ஆயினும் மொழியை இயக்கும் எந்திரம் வேறு, எழுத்தை மதிப்பிடும் விதி வேறு. பயனற்ற எச்சரிக்கைகள் மலிந்தாற் கருவி புறக்கணிக்கப்படும் என்பது அதனினும் வலுவான வாதம். கொவெரிற்றி என்ற சோதனைக் கருவியை ஆக்கியோர் 2010இல் எழுதிய கட்டுரையில், பொய்யான எச்சரிக்கைகள் 30 வீதத்தைத் தாண்டின் மக்கள் கருவியைப் பொருட்படுத்தாது விடுவர் எனத் தம் அனுபவத்தைக் கூறினர். விதிகள் ஓரிடத்திற் பேணப்படுங்கால் இத்தீமை குறையக்கூடும். றஃப் 2023இல் திருத்தங்களை ஐயமற்றவை, ஐயத்துக்குரியவை என இரண்டாக வகுத்தது இவ்வகையிற் பாராட்டத்தக்கது. பயன்படாததாய்த் தோன்றும் இறக்குமதி வரி, பிறர் எடுத்தாள வேண்டி வைக்கப்பட்டதாகவும் இருக்கலாமன்றோ? தேவையற்றுப்போன 'நோகியூஏ' குறிப்புகளைக் கண்டு சொல்லும் விதியும் அதிலுண்டு. வழுவமைதிக்கும் காலாவதி உண்டென உணர்ந்த செயல் அது.

ஆக, றஸ்ற் மொழியில் எழுதுவது குறையன்று. வாயிலை அடைப்பதே குறை. றஸ்ற் மொழிக்கான கிளிப்பி, பழைய லின்ற்போலத் தான் சோதிக்கும் மொழியிலேயே எழுதப்பட்டுள்ளது. அங்கு இச்சிக்கல் எழவில்லை. யாவாஸ்கிரிப்ற்றைச் சோதிப்பதும் றஸ்ற் மொழியில் ஆக்கப்பட்டதுமான பயோம், 2025இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒரு வாயிலைத் திறந்தது. குறித்த வடிவிலான தொடரைக் கண்டால் முறையிடுமாறு, தொடர்வடிவங்களை எழுதுதற்குரிய சிறு மொழியொன்றிற் பயன்படுத்துவோரே விதி எழுதலாம். தொடரின் வடிவத்தைச் சொல்ல அது போதும். ஆனால் ஒரு பெயர் எங்கே பிறந்தது, எங்கே வழங்கியது, எங்கே கைவிடப்பட்டது என்ற அறிவைக் கருவி தன்னகத்தே வைத்திருக்கிறது. எழுதுவோரின் விதிகள் அவ்வறிவை எந்த அளவுக்குத் தொடலாம் என்பதே இவ்வாயிலின் அகலத்தைத் தீர்மானிக்கும்.