மாதுளம்பூ அலகு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கிளியைக் கையில் வாங்கியவரின் கண் முதலில் போய் நிற்கும் இடம் அலகு. உடலுக்கு மரவள்ளி இலை, இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும், வாலுக்கு வெள்ளரளி, செவ்வரளி மொட்டுகள், கண்ணுக்குக் காக்காப்பொன், எல்லாவற்றையும் கட்டி நிறுத்த வாழைநார். இத்தனையும் சேர்ந்து ஓர் அழகான இலைக்கட்டு ஆகின்றன. மாதுளம்பூவை மூக்காக வைத்த பிறகுதான் அது கிளியாகிறது.

மாதுளம்பூவை விட்டு வேறொரு பூவை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் பழைய ஆட்களின் தேர்வு எவ்வளவு நுட்பமானது என்பது தெரியும். செம்பருத்தி காலையில் விரிந்து மாலைக்குள் சுருண்டு ஊதா பாய்ந்துவிடும். ரோஜாவின் சிவப்பு இருண்ட சிவப்பு. கிளியின் மூக்கில் அந்த இருள் கிடையாது. செவ்வரளியில் ரோஜா நிறம் கலந்திருக்கிறது, இதழும் துவளும். கனகாம்பரத்தின் நிறம் கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் அதன் இதழ் காகிதத்தைவிட மெல்லியது. ஒரு தொடுதலுக்குத் தாங்காது. மாதுளம்பூவின் உள்ளிதழும் கசங்கிய பட்டு மாதிரி மெல்லியதுதான். அதைச் சூழ்ந்த புறவிதழோ தோல் போலத் தடித்தது, மெழுகு பூசியது போல வழவழப்பானது, நுனியில் கூரானது. சிவப்பில் ஒரு துளி மஞ்சள் கலந்த நிறம். காட்டுப் பச்சைக்கிளியின் மேலலகுக்கு உள்ள நிறமும் வழவழப்பும் அதுவே. ஒரு நாள் முழுக்க வைத்தாலும் வாடாத பூ, செடியிலிருந்தே பாதி அலகாக வளர்ந்து வருகிறது.

அதனால் கட்டுபவரின் வேலை சுலபம் என்று ஆகிவிடாது. மாதுளை மரத்தில் எல்லா மாதமும் ஒரே அளவில் பூ இருக்காது. இருக்கும் பூவும் ஒன்று போல் ஒன்று வராது. நன்றாக விரிந்த பூ வாய் பிளந்த கிளியைத் தரும். மிகச் சிறிய மொட்டு, குஞ்சுக் கிளியின் மூக்காகிவிடும். நடுத்தரமாக, நுனி சற்றே வளைந்ததாக ஒன்று கிடைத்தால் அதைத் தலையில் பொருத்தும் கோணம் பாக்கி. ஒரு நூலளவு மேலே தூக்கினால் கிளி வானம் பார்க்கும், காகம் போல் ஆகிவிடும். ஒரு நூலளவு கீழே இறக்கினால் தூங்கி வழியும். நெற்றியிலிருந்து மூக்கு ஒரே வளைவாக இறங்கி, நுனி கழுத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். மூக்கு கோணிப்போன கிளியை எத்தனை நேர்த்தியான இறக்கையாலும் காப்பாற்ற முடியாது.

கண்ணே முக்கியம் என்பார் உண்டு. காக்காப்பொன் வெளிச்சம் பட்டு மினுங்கும்போது கிளி பார்ப்பது போலவே இருப்பது உண்மைதான். கருவறை விளக்கொளியில் அந்த மினுக்கத்துக்கு ஈடில்லை. ஆனால் அந்த அழகு வெளிச்சத்தைப் பொறுத்தது. பகல் வெளிச்சத்தில், வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்க்கும்போது கண் அடங்கிவிடும், அலகு அடங்காது. வாலை ரசிப்போர் இன்னொரு கட்சி. பச்சைக்கிளியின் நீளத்தில் பாதி வால் என்பதால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வெள்ளையும் சிவப்புமாக அரளி மொட்டுகள் அடுக்கடுக்காக இறங்குவது கண்ணுக்கு நல்ல விருந்து. என்றாலும் எந்தக் காட்டுக்கிளிக்கும் அப்படி ஒரு வால் கிடையாது. அந்த வால் அலங்காரத்தைச் சேர்ந்தது, அலகு பறவையைச் சேர்ந்தது.

பச்சையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மரவள்ளியின் இளம் இலை மஞ்சள் ஓடிய பச்சை. நந்தியாவட்டை ஒரு மாத்திரை கருத்தது, பளபளப்பும் கூடியது. உடலைவிட இறக்கை சற்றே அழுத்தமாகத் தெரிவது இதனால்தான். மரவள்ளி இலை விரல் விரலாகப் பிரிந்திருப்பதும் வசதி: ஒவ்வொரு விரலையும் மடிக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாக இறகு போல் ஏற்றலாம். பறித்த கொஞ்ச நேரத்திலேயே துவள ஆரம்பிக்கும் இலை அது, ஆகவே கை வேகமாக ஓட வேண்டும். பனையோலை இறக்கைக்கு விறைப்புத் தருகிறது. வாழைநாரை ஈரத்தோடு நகத்தால் கிழித்துக் கட்ட வேண்டும். உலர்ந்த நார் முடிச்சில் ஒடியும். ஒரு கிளிக்கு ஏறத்தாழ நாலரை மணி நேரம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆண்டாளின் இடக்கையில் அமரும் இந்தக் கிளி நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. சாற்றிய கிளி பக்தர் ஒருவர் கைக்குப் பிரசாதமாகப் போய்விடும். மறுநாளைக்கு மறுபடி மரவள்ளி இலை, மறுபடி மாதுளம்பூ.

வியாசர் மகன் சுகர் கிளி வடிவில் ஆண்டாளுக்காக அரங்கனிடம் தூது போனார் என்பது இந்தக் கிளிக்கு ஊர் சொல்லும் கதை. நாச்சியார் திருமொழியில் தூது போகிறவை குயிலும் மேகமும். கிளி அங்கே கூட்டுக்குள் இருக்கிறது. கோவிந்தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும் கிளி அது. தீனி போடாமல் தண்டித்தால் அடங்குவதை விட்டு, உலகளந்தவன் பெயரை இன்னும் உரக்கக் கூவுகிறது. கதையில் தூது போன கிளியைவிடப் பாட்டில் பட்டினி கிடந்தும் வாய் மூடாத கிளிக்குத்தான் மாதுளம்பூ அலகு சரியாகப் பொருந்துகிறது.

ஊரை விட்டு வெளியே போகும் கிளிகளும் உண்டு. புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருப்பதி கருட சேவைக்கும், சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலையோடும் பட்டோடும் கிளியும் போகிறது. பதில் மரியாதையாக அங்கிருந்து பட்டு வருகிறது. ஒரு பக்கம் பல ஆண்டு நிற்கும் நெசவு, மறுபக்கம் மறுநாள் வாடும் இலை. இந்தக் கொடுக்கல் வாங்கலில் இலைக்கிளியை யாரும் குறைந்த சீராக எண்ணியதில்லை.

கோயில் கிளியைப் பார்த்து வளர்ந்த ஊரில் வீட்டுக் கைகளும் கிளி செய்யாமல் இருக்குமா? மார்கழியில் வாசலில் கிளிக்கோலம். தலையணை உறையில் சங்கிலித் தையலில் ஒன்றையொன்று பார்க்கும் இரட்டைக் கிளி, நடுவே ஒரு பூங்கொத்து. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குப் பெரியம்மாவோ மதினியோ போட்டுக் கொடுத்த உறைகள் எத்தனையோ பீரோக்களில் இன்னும் மடித்தே கிடக்கின்றன. வயர்க் கூடை முடைந்த காலத்தில் மிச்ச வயரில் கிளி, பாசிமணியில் கிளி. பிறந்த குழந்தையின் தொட்டிலுக்கு மேலே தொங்கவிட அத்தைமார் தைத்த துணிக்கிளி இவை எல்லாவற்றிலும் உயர்ந்தது, கடினமானதும் அதுதான்.

துணிக்கிளியிலும் சோதனை அலகில்தான் வருகிறது. சிவப்புத் துணியில் இரண்டு துண்டு வெட்டி, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்துத் தைத்து, பிறகு புரட்ட வேண்டும். சுண்டுவிரல் நுழையாத கூம்பு அது. வளைவின் ஓரத்தில் கத்தரி நுனியால் சின்னச் சின்ன வெட்டு விடாவிட்டால் புரட்டியதும் துணி சுருங்கி, மூக்கு உளுந்துவடை ஓரம் போல் மடிந்து நிற்கும். வெட்டு தையலைத் தொட்டுவிட்டால் அங்கேயே பிரியும். புரட்டிய பின் ஈர்க்குச்சியால் நுனியை மெல்லத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் ஈர்க்கு துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். பஞ்சை முதலில் அடைக்க வேண்டிய இடமும் அலகு, அதுவும் கடுகளவு கடுகளவாக. உடலை நிரப்பிவிட்டு மூக்குக்கு வருபவர் கையில் எப்போதும் துவண்ட அலகுதான் மிஞ்சும்.

பஞ்சு என்றதும் பேச்சு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே, ராஜபாளையத்துக்குப் போய்விடும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பிறகு நூலும் பஞ்சும் அந்த ஊரின் அன்றாடம். பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்றது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று மருத்துவப் பஞ்சை அடைத்து பொம்மை தைப்பது எளிதில் வரும் பிழை. அந்தப் பஞ்சிலிருந்து இயற்கையான மெழுகை நீக்கிவிடுகிறார்கள். தண்ணீரை உறிஞ்சுவதற்காகவே அது இருக்கிறது. குழந்தையின் எச்சில் பட்ட பொம்மை ஒரு துவைப்புக்கே கட்டி கட்டியாகிவிடும், உள்ளே காயவும் காயாது. இலவம்பஞ்சு நேர் எதிர். இழைக்குள் காற்று, இழைமேல் மெழுகு. ஈரத்தை எளிதில் ஏற்காது, கனமும் இல்லை. துணியின் இடுக்கில் வழுக்கி வெளியேறுவதுதான் அதன் குறை, ஆகையால் காடாத் துணியில் உள்பை தைத்து அதற்குள் நிரப்ப வேண்டும். இப்போது எல்லோரும் ரெக்ரான் பஞ்சுக்கு மாறிவிட்டார்கள். துவைக்க அது நல்லது, உருவமும் குலையாது. கையில் எடுத்தால் மட்டும் ஒரு வெறுமை; அமுக்கிய இடம் உடனே எழும்பிவிடும். இலவம்பஞ்சுக் கிளியில் குழந்தை கட்டிக்கொண்டு தூங்கிய பள்ளம் காலையிலும் இருக்கும்.

ராஜபாளையத்துக்காரர் தைத்துக் கொடுக்க வேண்டிய விலங்கு நாய். இந்திய அஞ்சல்துறை 2005-இல் நாய் இனங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். அந்த வரிசையில் தமிழ்நாட்டு நாய் அது ஒன்றுதான். பால்வெள்ளை உடல், ஒட்டிய வயிறு, மடிந்த காது, எல்லாவற்றுக்கும் மேலாக ரோஜா நிற மூக்கு. கடையில் விற்கும் வெள்ளை நாய் பொம்மைகளுக்கோ கறுப்பு பிளாஸ்டிக் மூக்கு. கறுப்பு மூக்கு வைத்த நொடியில் அது ஏதோ ஒரு பனிநாட்டு நாயாகிவிடுகிறது. வெளிர் ரோஜா நூலில் இருபது முப்பது இழை நெருக்கி ஓட்டினால் போதும், ஊர் திரும்பிவிடும். குண்டு குண்டாக அடைப்பதும் தவறு. ராஜபாளையம் வேட்டைநாய், விலா தெரிய வேண்டும். கட்டிப்பிடிக்க மெத்தென்று இருக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு டெடி பேர் ஏற்கெனவே இருக்கிறது.

இந்த ஊர்களை ஒட்டிய மலையடிவாரத்தில் 1988-இல் சாம்பல் நிற மலையணிலுக்கென்றே ஒரு சரணாலயம் அமைந்தது. உடலளவு நீண்ட புசுபுசு வால் உடைய விலங்கு, துணிபொம்மைக்காகவே படைத்தது போன்றது. பரிசுக்கடைகளின் அலமாரியிலோ பாண்டாவும் யூனிகார்னும்தான் உட்கார்ந்திருக்கின்றன.

குறை சொல்ல இன்னும் உண்டு. தொட்டில் கிளிகள் இப்போது பளபளக்கும் ஃபர் துணியில் வருகின்றன. அலகைத் தைப்பதில்லை, சிவப்பு ஃபெல்ட்டை முக்கோணமாக நறுக்கிப் பசைத் துப்பாக்கியால் ஒட்டிவிடுகிறார்கள். தட்டையான முக்கோணம் கோழிக்குஞ்சுக்குத்தான் பொருந்தும். அந்தப் பசையும் வெயில் காலத்தில் இளகிவிடும், குழந்தை வாய்க்குள் மூக்கு போய்விடும். பிளாஸ்டிக் கிளிகளின் சிவப்பு உதட்டுச்சாயச் சிவப்பு. நீண்ட நாள் இருக்குமே என்பது அவற்றை வாங்குபவர்கள் சொல்லும் காரணம். நீண்ட நாள் இருக்க வேண்டும் என்றால் விளாச்சேரிக் கொலு பொம்மை இருக்கிறது. தாத்தா வாங்கியதைப் பேத்தி படியில் வைக்கலாம், அதன் பெருமை அதற்கு. நேரமில்லை என்ற சமாதானமும் பழகிவிட்டது. ஒரு வாரம் முன்பே தெரிந்த பெயர் வைப்பு விழாவுக்கு, போகிற வழியில் கடையில் நின்று பொட்டலம் கட்டி வாங்குவது வழக்கமாகிவிட்டது. தாளில் நாலு கோடு இழுத்துக் கிளி வரைந்து உறைக்குள் வைக்கக்கூட ஆளில்லை. உயிருள்ள பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் வரத் தகுந்த கிளி கையால் செய்தது மட்டுமே என்னும்போது, அந்தக் கையே ஓய்ந்துவருவது வருத்தமான விஷயம்.

வீட்டுக்கு வந்த ஆண்டாள் கிளி வாடுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மரவள்ளி. ஓரம் சுருண்டு, உடல் இளைத்து, கட்டிய நார் வரிவரியாக வெளியே தெரியும். அரளி மொட்டுகள் பழுப்பேறி ஒவ்வொன்றாகக் கழன்று பூஜையலமாரிப் பலகையில் விழும். நந்தியாவட்டை இன்னும் ஒன்றிரண்டு நாள் பச்சை காட்டும், பிறகு கறுக்கும். பனையோலைக்கு ஒன்றும் ஆவதில்லை, வெளுத்து மஞ்சளாவதோடு சரி. மாதுளம்பூ சுருங்கிக் கெட்டிப்பட்டு, செங்கல் நிறமாகி, வளைவு மட்டும் மாறாமல் நிற்கும். ஆடிப்பூரத்துக்கு வாங்கிவந்த கிளியை நவராத்திரிக்குப் பலகை துடைக்கும்போது எடுத்துப் பார்த்தால் இலையெல்லாம் பொடிந்து போயிருக்கும். ஓலை நரம்பில் ஒட்டிக்கொண்டு அந்த அலகும், பக்கத்தில் ஒரு துணுக்குக் காக்காப்பொன்னும் இருக்கும்.