றங்குப் பெட்டியும் போனும்

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் கட்டிலுக்கடியில் ஒரு றங்குப் பெட்டி இருக்கும். மழையும் பனிமூட்டமும் சுவர்வரை ஊறும் ஊரில் காகிதத்துக்கு அதுதான் பத்திரமான இடம். பொலித்தீன் உறையில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு, பிறப்புச் சாட்சிப் பத்திரம், பழைய பாஸ்போர்ட் எல்லாம் அடுக்கியிருப்பார்கள்.

இவ்வளவு கவனத்துக்குக் காரணம் உண்டு. 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் வழியில் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பிரித்தது. 2003இல் வந்த சட்டமும் 1964 அக்டோபர் முதல் இங்கே வசித்தவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும்தான் கணக்கில் எடுத்தது. தாள் இல்லாதவர் தவித்தார்.

பேரப்பிள்ளைகளுக்கு இன்று அதே பெட்டி பொழுதுபோக்கு. கொழும்பில் வேலை பார்ப்பவர் தீபாவளிக்கு வந்தால், இஸ்தோப்பு வெளிச்சத்தில் தாள்களை விரித்துப் போனில் படமெடுப்பார். மங்கிய மையைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரே தாத்தாவின் பெயர் தாளுக்குத் தாள் வேறு எழுத்தில் இருப்பது தெரியும்.

“அப்பாயி, இது யாரு?” என்று கேட்டுக் குரலையும் பதிந்துகொள்வதில்தான் ருசி அதிகம். திருச்சி, புதுக்கோட்டை என்று ஊர்ப்பெயர் தாளில் இருக்கலாம். யாரோடு கப்பலேறினார்கள், எந்தக் கங்காணி கூட்டிவந்தார் என்பதெல்லாம் அப்பாயி வாயில்தான் இருக்கிறது. தாள் இன்னும் சில வருஷம் தாங்கும். போனை முதலில் அவர் பக்கம் திருப்புவது நல்லது.