கல்வி மந்திரி கொடைவள்ளலா?

கொடையை அரசனுக்கு அணிகலனாகப் போற்றிய மரபு நம்முடையது. மன்னராட்சி மறைந்து மந்திரிசபைகள் தோன்றிய பின்னரும் அம்மரபு நம் மனத்தைவிட்டு அகலவில்லை. பாடசாலைக்குப் புதிய கட்டடம் எழும்பினால் மந்திரி 'தந்தார்' என்கிறோம். மாலை சூட்டி வாழ்த்துப்பா பாடுகிறோம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவை 'இலவசக் கல்வியின் தந்தை' என்று போற்றும் உரைகளும் பெரும்பாலும் இம்மனப்பான்மையிலேயே பிறக்கின்றன. அவருடைய பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால், அப்பெருமை எதிலே தங்கியுள்ளது என்று ஆராயாத புகழுரை அவருக்கு நீதி செய்யாது. நமக்கும் பயன் தராது.

1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ், அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்கிற்று. ஒவ்வொரு குழுவும் தெரிந்தெடுத்த தலைவரே அத்துறையின் மந்திரி. 1931 முதல் 1947 வரை கல்விக் குழுவின் தலைவராயிருந்த கன்னங்கரா, தனித்து ஆணையிடும் அதிகாரம் படைத்தவரல்லர். குழுவினரை இணங்கச் செய்யவும், சபையிலே வாதிட்டு வெல்லவும் வேண்டியவராயிருந்தார்.

அன்று நாட்டிலே கல்வி இரண்டாகப் பிளவுபட்டுக் கிடந்தது. சிங்களமும் தமிழும் கற்பித்த பாடசாலைகளில் கட்டணமில்லை. உத்தியோகத்துக்கும் உயர்கல்விக்கும் வழிதிறந்த ஆங்கிலப் பாடசாலைகளிலோ கட்டணம் உண்டு. அதாவது, ஏழைக்கு எழுத்தறிவு, வசதியுள்ளவனுக்கு உத்தியோகம். 1940இல் நியமிக்கப்பட்டுக் கன்னங்கராவின் தலைமையில் இயங்கிய விசேட குழு, 1943இல் வெளியிட்ட அறிக்கையில் இப்பிளவையே சாடிற்று. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம்வரை கட்டணமில்லாக் கல்வி, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி என்னும் விதப்புரைகள் அதன் உயிர்நாடி. மதச் சார்பான பாடசாலைகளை நடத்தியோர் பலர் கடுமையாக எதிர்த்தனர். எனினும் 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் எழுந்த மத்திய பாடசாலைகள் அதற்கு உருவம் கொடுத்தன. நிலைபெற்ற நலன்களோடு வாதிட்டுப் பொதுமக்களின் உரிமையைச் சட்டமாக்கியதே கன்னங்கராவின் சாதனை. அது கொடையன்று, கடமை.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. கொடையாயின் கொடுப்பவன் விரும்பிய இடத்தில் அது நின்றுவிடலாம். மலையகத்திலே அதுதான் நிகழ்ந்தது. இலவசக் கல்வி தோட்டத்து எல்லையில் தயங்கி நின்றது. துரைமாரின் பொறுப்பிலிருந்த தோட்டப் பாடசாலைகள், ஒற்றை ஆசிரியரோடும் சில கீழ்வகுப்புகளோடும் நெடுங்காலம் கழித்தன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னர் அத்தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் வாக்குரிமையையும் இழந்தனர். வாக்கில்லாதவர் வாயிலை எந்த மந்திரி தட்டுவார்? அப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்பதற்கு 1970களின் வரவை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

கொடையாயின் கொடுத்த கை திருப்பி எடுத்தலும் கூடும். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியின்போது மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 400க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூலம் தோற்றியோர் 229 புள்ளிகளும் பெறவேண்டும் என்றாயிற்று. அப்போது கல்வி மந்திரியாயிருந்தவர் பதியுதீன் மஹ்மூத். கிராமத்துச் சிங்கள மாணவனுக்கு விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லை என்பது மெய்யான குறை. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டினால் பின்தங்கிய தமிழ் மாவட்டங்களும் சில இடங்களைப் பெற்றன என்பதும் மெய். ஆயினும், ஆய்வுகூடத்தைக் கட்டிக் கொடுக்க வேண்டிய அரசு, அதற்குப் பதிலாக எழுதிய மொழியைக் கொண்டு மாணவரைத் தரம்பிரித்தது. இல்லாமையை நீக்காமல், அதை இருசாரார்க்கும் இடையே பகையாகப் பங்கிட்டது. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஐயுற்று நோக்கலாயினர். அதன் விளைவை இந்நாடு இரத்தத்தால் அறிந்தது.

கல்வி மந்திரி எந்தக் கட்சியினராயினும், எந்த இனத்தவராயினும், அவரை அளக்கும் கோல் ஒன்றே. அவர் திறந்துவைத்த கட்டடங்களின் தொகை அக்கோலன்று. வரவு செலவுத் திட்டத்தில் பின்தங்கிய பாடசாலைக்கு ஒதுக்கியது என்ன? அவர் ஒப்பமிட்ட சுற்றுநிருபம் யாருக்கு வாயிலைத் திறந்தது, யாருக்கு அடைத்தது? இவற்றை வினவுதல் ஆசிரியர்களாகிய நமது தொழிலின் ஒரு பகுதி. மாணவருக்கு நாம் கற்பிக்கவேண்டிய முதற்பாடமும் இதுவே: கல்வி எவரும் இட்ட பிச்சையன்று. வாழ்த்துப்பா எழுதும் பேனாவினால் வினாக்களையும் எழுதப் பழகுவோம்.