எஞ்சிய ஒன்பது பங்கு

ஜோர்தானிய இயக்குநர் அம்ஜத் அல் ரஷீதின் ‘இன்ஷா அல்லாஹ் வலத்’ 2023-இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் இடம்பெற்ற படம். ‘இறைவன் நாடினால் ஆண் குழந்தை’ என்பது தலைப்பின் பொருள். அம்மான் நகரில் அத்னான் என்பவன் ஒரு காலையில் படுக்கையிலேயே இறந்து கிடக்கிறான். மனைவி நவாலும் சிறுமி நூராவும் தனித்து விடப்படுகின்றனர். துக்கம் ஆறுமுன்பே அவன் சகோதரன் ரிஃப்கீ, வரவேண்டிய கடனையும் வீட்டில் தன் பங்கையும் கேட்கிறான். அவகாசம் பெறுவதற்காக, தான் கருவுற்றிருப்பதாக நவால் பொய்யுரைக்கிறாள்.

ஃபராயிழ் பாடம் நடத்துவோர்க்கு இக்கணக்கு எளியது. சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, ஒரே மகளுக்கு 12, எஞ்சிய 9 இறந்தவனின் உடன்பிறந்தார்க்கு. மகன் இருந்தாலோ அவர்களுக்கு ஒன்றுமில்லை. கரும்பலகையில் நான் பலமுறை எழுதிய அந்த ஒன்பது, மூனா ஹவாவின் முகத்தில் அச்சமாகப் படர்வதைக் கண்டு திகைத்தேன்.

ரிஃப்கீயைக் கொடியவனாகத் தீட்டாதது படத்தின் பலம். உறவின் பெயரால் அவன் பணிவாகவே பேசுகிறான். அதனாலேயே அவனை எதிர்ப்பது அவளுக்குக் கடினமாகிறது. நவால் பணிபுரியும் செல்வர் வீட்டு இளம்பெண் தன் கருவைக் கலைக்க விரும்பும் கிளைக்கதையோ, அளந்து பொருத்தியதுபோல் செயற்கையாக உள்ளது.

என் முதன்மையான குறை வேறு. வீட்டை வாங்கத் தன் பணமும் சென்றது என்கிறாள் நவால், மெய்ப்பிக்க ஆவணமில்லை. படம் இதை விரைந்து கடந்து, பொய் வெளிப்படுமா என்னும் பதற்றத்திற்குள் நுழைந்துவிடுகிறது. ஆனால் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. மரணசாசனமும் கடனும் நிறைவேறிய பின்னரே பாகப்பிரிவினை என்கிறது திருக்குர்ஆன் (4:11). கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளப் பணிக்கிறது (2:282). மனைவி கொடுத்த பணம் கடனாகவோ பங்காகவோ எழுதப்பட்டிருந்தால், அது போக மீந்ததே 24 பங்காகியிருக்கும். குழந்தையைப் பேணும் கடமை வாரிசுக்கும் உண்டு என்னும் வசனத்தை (2:233) ரிஃப்கீக்கு நினைவூட்ட அங்கு எவருமில்லை.

ஆகவே, ‘சட்டம் நீதியானது, மனிதர்களே தவறினர்’ என்று சொல்லி நாம் எழுந்துவிட முடியுமா? முடியாது. நவாலுக்கு அந்த நீதி எட்டவில்லை என்பதே படம் வைக்கும் வழக்கு. அவள் பொய்யை நியாயப்படுத்த இயலாது. எனினும், ஒன்பது பங்கைக் கணக்கிடக் கற்பிக்கும் நாம், அதற்கு முன் தீர்க்க வேண்டிய கடனையும் அதற்குப் பின் தொடரும் பொறுப்பையும் அதே அழுத்தத்துடன் கற்பிக்கிறோமா? என் வகுப்பில் அவ்வளவாக இல்லை என்பதை இப்படம் எனக்கு உணர்த்தியது.