போலோ ஜிடி டிஎஸ்ஐ: ஓடோமீட்டரைப் பார்த்து விலை பேசாதீர்கள்

செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐக்கு இன்னும் கிராக்கி குறையவில்லை. 2013-ல் இந்தியாவுக்கு வந்த கார். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். அந்த டார்க் 1,500 ஆர்பிஎம்மிலேயே முழுசாக வந்துவிடுவதால், லாரியை ஓவர்டேக் செய்ய யோசிக்கவே வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைப் பத்து வினாடிக்குள் தொடும். இன்றைய விலையில் இவ்வளவு ஓட்டும் சுகம் தரும் சின்ன கார்கள் குறைவு. வாங்க நினைப்பவரிடம் ஊரே சொல்லும் எச்சரிக்கை ஒன்றுதான்: ‘வேகமான கார், செலவு வைக்கும்.’ செலவு வைக்கும் என்பது சரி. காரணம்தான் தப்பு. இந்தக் கார் கெட்டுப்போவது வேகமாக ஓடுவதால் அல்ல, ஊர்ந்து ஊர்ந்து போவதால்.

டிக்யூ200 என்ற இதன் கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச்கள். ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு. மற்றது 2, 4, 6, ரிவர்ஸுக்கு. ஒரு கியரில் ஓடும்போதே அடுத்தது தயாராகக் காத்திருப்பதால் கியர் மாறுவதே தெரியாது. ஆனால் இரண்டுமே உலர் கிளட்ச். இதற்கு மூத்த ஆறு கியர் டிக்யூ250-ல் கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும். சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். இங்கே அந்த வசதி கிடையாது. ஹைவேயில் இது பிரச்சினையே இல்லை, கிளட்ச் முழுசாகப் பிடித்திருக்கும், தேய்வதற்கு வேலையில்லை. பெங்களூரு சில்க் போர்டு போன்ற நெரிசலில்தான் வினை. பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்ததும் கார் தானாக நகர்கிறதே, அப்போது கம்ப்யூட்டர் நமக்காக ஹாஃப் கிளட்ச் போட்டு ஓட்டுகிறது என்று பொருள். மேனுவல் காரை மேம்பால ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சிலேயே நிறுத்தி வைப்பவரைப் பார்த்தால் எந்த மெக்கானிக்கும் தலையில் அடித்துக்கொள்வார். டிஎஸ்ஜி கார்க்காரர் தினமும் தெரியாமலே அதைத்தான் செய்கிறார். எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியரா இரண்டாவதா என்று கியர்பாக்ஸ் மாறி மாறித் தடுமாறும்போது வரும் நடுக்கம் தேய்மானத்தின் முதல் அறிகுறி.

கிளட்ச் தேய்வதையாவது எதிர்பார்க்கலாம். பர்ஸைக் காலி செய்வது மெக்கட்ரானிக் யூனிட்தான். கிளட்ச்களையும் கியர்களையும் நகர்த்தும் ஹைட்ராலிக் பகுதியும், அதற்குக் கட்டளையிடும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. உள்ளே ஒரு சின்ன மோட்டார் பம்ப்பை ஓட்டி ஆயில் அழுத்தத்தை ஏற்றி, ஒரு அக்யுமுலேட்டரில் சேமித்து வைக்கும். அந்த அக்யுமுலேட்டர் உட்காரும் இடத்தில் அலுமினிய உறை விரிசல் விட்டு ஆயில் கசிவது உலகமெங்கும் இந்த கியர்பாக்ஸுக்குத் தெரிந்த நோய். அழுத்தம் போனால் டேஷ்போர்டில் கியர் எழுத்து மினுக்கும், வண்டி நின்றுவிடும். புது யூனிட் போட்டால் பில் லட்ச ரூபாயைத் தாண்டும். இதிலும் சூட்டுக்குப் பங்கு உண்டு என்பதற்குக் கம்பெனியின் நடவடிக்கையே சாட்சி. சீனாவில் எழுந்த புகார்களால் 2012-ல் டிஎஸ்ஜி வாரன்டியைப் பத்து வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என நீட்டினார்கள்; மறு வருடம் அங்கே 3.8 லட்சத்துக்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2013 நவம்பரில் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களுக்கு சிந்தெடிக் கியர் ஆயிலை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நெரிசலில் அதிகம் ஓடும்போது, பழைய ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்பது அதற்குச் சொன்ன காரணம். அப்படிப்பட்ட ஊர்கள் நமக்குப் புதிதல்ல.

‘என் நண்பர் வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஒரு குறையும் இல்லையே’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. அந்த வண்டி எங்கே ஓடியது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் அதிலேயே இருக்கும். அவ்வளவு மோசமான கியர்பாக்ஸ் என்றால் கம்பெனி ஏன் விடாமல் பிடித்திருக்கிறது என்பது இதைவிடக் கனமான கேள்வி. 2020-ல் போலோவுக்கு 1.0 டிஎஸ்ஐ இன்ஜின் வந்தபோது டிஎஸ்ஜியை எடுத்துவிட்டு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் வைத்தார்கள். ஆனால் அடுத்த வருடமே இதே கம்பெனியின் டைகூன் 1.5-ல் அதே டிக்யூ200 திரும்பி வந்தது. வருடா வருடம் திருத்திக்கொண்டே வருகிறார்கள், அதை மறுக்க முடியாது. இன்று வாங்கக் கிடைக்கும் பழைய ஜிடி டிஎஸ்ஐக்குள் இருப்பது ஆரம்பகால கியர்பாக்ஸ் என்பதையும் மறக்க முடியாது.

இன்ஜின் பக்கமும் இதே கதைதான், தொல்லையின் வீரியம் மட்டும் குறைவு. இந்தத் தலைமுறை 1.2 டிஎஸ்ஐயில் டைமிங் செயின் நீண்டு தளர்வது தெரிந்த குறை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில வினாடி கடகடவென்று சத்தம் வந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். ஆயில் கெட்டால் செயின் கெடும். ஆயில் மாற்றுவதோ கிலோமீட்டர் கணக்கில். டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நின்றால் மீட்டர் பத்து கிலோமீட்டர் ஏறியிருக்கும், ஆயில் ஒரு மணி நேரம் வெந்திருக்கும். பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் பாய்வதால் இன்டேக் வால்வைக் கழுவ எதுவும் இல்லை; அதில் கரி படிகிறது. பக்கத்துத் தெருவுக்கே போய்வரும் வண்டியில் கரி சீக்கிரம் சேரும். 15,000 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னாலும் நகரத்துக்காரர் அதில் பாதியிலேயே, கம்பெனி சொன்ன தரத்து ஆயிலையே ஊற்றி மாற்றுவது உத்தமம். சஸ்பென்ஷன் புஷ், பவர் விண்டோ ரெகுலேட்டர் எல்லாம் தொல்லைதான், ஆனால் கடன் வாங்க வைக்கிற தொல்லை இல்லை.

வேகத்தால் இந்தக் கார் கெடும் ஒரே சந்தர்ப்பம் ரீமேப். இந்த கியர்பாக்ஸ் தாங்கும் டார்க் 250 நியூட்டன் மீட்டர் வரை. மென்பொருளை மாற்றி அந்த எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர்களின் வண்டி விலைக்கு வந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நம் சந்தையில் 35,000 ஓடிய வண்டிக்கு மவுசு, 90,000 ஓடியதற்குத் தள்ளுபடி. இந்தக் காருக்கு மட்டும் அதைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். தினமும் ஆபீஸுக்குப் போய்வந்த 35,000-ஐவிட ஊர் ஊராக ஹைவேயில் ஓடிய 90,000 மேல். விற்பவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கை அழைத்துப் போய் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் கிளட்ச் அதிகமாகச் சூடேறிய பதிவுகளைப் பாருங்கள். சூடேறிய வண்டியை சரிவில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், நடுக்கம் இருந்தால் அங்கே தெரியும். வாங்கிய பிறகு நெரிசலில் முன் வண்டி நகர நகர நாமும் நகராமல், இரண்டு கார் நீளம் இடம் விட்டுப் பிறகு ஒரே மூச்சில் போக வேண்டும். நிற்கும்போது பிரேக்கை முழுசாக அழுத்தினால் கிளட்ச் விலகிக்கொள்ளும். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவருக்கு, தினமும் நகருக்குள் மட்டுமே ஓட்டுபவருக்கு, 2020-க்குப் பிந்தைய 1.0 டிஎஸ்ஐ டார்க் கன்வெர்ட்டர் வண்டிதான் சரி. பவர் அதில் 110 பிஎஸ், டார்க் அதே 175.