பிறப்பால் வந்த டீமும் பஸ் ஏறிப்போன டீமும்

கால்பந்து ரசிகன் என்கிற ஜீவனைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே புத்தகத்தில்தான் போய் நிற்கிறார்கள். நிக் ஹார்ன்பி எழுதி 1992இல் வெளிவந்த ‘ஃபீவர் பிட்ச்’. லண்டனின் ஆர்சனல் கிளப்பைத் துரத்திக்கொண்டே வளர்ந்த ஒரு ஆளின் சுயசரிதை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு மேட்சும் அதன் தேதியும். முதல் மேட்ச் 1968 செப்டம்பர் 14, ஆர்சனலும் ஸ்டோக் சிட்டியும். பையனுக்கு அப்போது பதினோரு வயசு. அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். பிள்ளையைப் பார்க்க வருகிற அப்பாவுக்கு அவனை எங்கே கூட்டிக்கொண்டு போவதென்று தெரியவில்லை. ஹைபரி மைதானத்துக்குக் கூட்டிப் போகிறார். அவ்வளவுதான், பையன் அங்கிருந்து திரும்பி வரவேயில்லை.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல புத்தகம். தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கொள்ளத் தெரிந்த எழுத்து. (2005இல் அமெரிக்காக்காரன் இதையே சினிமாவாக எடுக்கும்போது கால்பந்தைத் தூக்கிவிட்டு பேஸ்பால் ஆக்கிவிட்டான். நம்ம ஊர் ரீமேக்காரர்கள் எவ்வளவோ தேவலை.) ஆனால் ஒரு பிரதியை யார், எங்கே உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது வேறாகிவிடுகிறது. நான் இதை வாசித்தது ஓசூரில், செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து, சூளகிரிப் பக்கத்துக் காலனிக்காரனாக. 2015இலிருந்து பெங்களூரு எஃப்.சி. மேட்சுக்கு பஸ் ஏறுகிறவன். அந்த வாசிப்பில் எனக்கு ஒரு இடம் இடித்தது. அதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

ஹார்ன்பி சொல்கிறார்: ஒரு கிளப்பின் மேல் விசுவாசம் என்பது நாமாக எடுக்கிற முடிவு கிடையாது. உடம்போடு வந்த ஒன்றைப்போல அது வந்து ஒட்டிக்கொள்ளும், பிடிக்கவில்லை என்றாலும் கழற்ற முடியாது. உலகம் முழுக்கக் கால்பந்து எழுத்தாளர்களுக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. உண்மையான ரசிகன் என்றால் கிளப்பை மாற்றமாட்டான், அப்பன் எதுவோ மகனும் அதுவே. கல்கத்தாவில் இன்னும் ஒரு படி மேலே. 1889இல் தொடங்கிய மோகன் பகான் மேற்கு வங்கத்துப் பூர்வீகக் குடிகளுக்கு, 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு. ஒருத்தன் ஜெயித்தால் இறால், இன்னொருத்தன் ஜெயித்தால் இலிஷ் மீன். பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே அதற்கு ஒரு ஜெர்சி தைத்து வைத்திருக்கிறார்கள்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறப்பால் வந்தது, மாற்ற முடியாதது, அப்பனிடமிருந்து மகனுக்கு என்கிற இந்த வார்த்தைகளை எங்கள் தெருவில் சொல்லிப் பாருங்கள். கேட்கிறவனுக்கு கால்பந்து ஞாபகம் வராது. பிறப்பால் வந்து கழற்ற முடியாமல் கிடக்கிற ஒன்று எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு கூட இன்னொன்று எதற்கு? ஹார்ன்பிக்கு வாழ்க்கையில் எல்லாமே தேர்வு செய்துகொள்ளக் கிடைக்கிறது, படிப்பு, வேலை, காதலி, குடியிருக்கிற பேட்டை. அதனால் தேர்வு செய்ய முடியாத ஒன்று அவருக்கு ஆறுதலாக இருக்கிறது. எனக்குத் தலைகீழ். நானாகப் போய்த் தேர்ந்தெடுத்த ஒரே கூட்டம் அந்த ஸ்டேடியத்துக் கூட்டம்.

பெங்களூரு எஃப்.சி. 2013 ஜூலையில் தொடங்கிய கிளப். ஜே.எஸ்.டபிள்யூ. என்கிற இரும்புக் கம்பெனியின் கிளப். முதல் சீசனிலேயே, 2014 ஏப்ரலில், ஐ-லீக் பட்டம். பாட்டன் முப்பாட்டன் கிடையாது என்று பழைய கிளப்காரர்கள் கேலி பேசினார்கள். பிளாஸ்டிக் கிளப்னு பேரு. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. பாட்டன் இல்லாத இடத்தில் யாரும் ‘உன் பாட்டன் எங்கே நின்னான்’ என்று கேட்க முடியாதில்லையா.

ஆனால் பாட்டன் இல்லை என்பதும் முழு உண்மையில்லை. கிளப்புக்குத்தான் இல்லை, ஊருக்கு இருக்கிறார்கள். 1937லும் 38லும் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கி வந்தது பெங்களூர் முஸ்லிம்ஸ் டீம். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில், பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய இந்திய டீமுக்கு பிரான்ஸுக்கு எதிராக விழுந்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூர்க்காரர், சாரங்கபாணி ராமன். அல்சூர் பக்கம் கௌதமபுரம் என்று ஒரு பேட்டை. பேரிலேயே புத்தர் இருக்கிறார். தமிழ் பேசுகிற தலித் ஜனங்கள் நிறைந்த இடம். அங்கே சிலை வைத்திருக்கிறார்கள்: புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா, அவர்களோடு பந்துக்காரர் பீலே. 2022 டிசம்பர் 29இல் பீலே செத்தபோது சொந்தக்காரர் போன மாதிரி அங்கே அஞ்சலி செலுத்தினார்கள். பிரேசில் அவர்களுக்குப் பிறப்பால் வந்ததா? புத்தர்தான் பிறப்பால் வந்தாரா? தேடிப்போய் எடுத்துக்கொண்டார்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஹார்ன்பியின் கோட்பாட்டை வைத்து அந்தச் சிலை வரிசையை வாசிக்கவே முடியாது.

இப்போது பயணத்துக்கு வருவோம். ஹார்ன்பியிடம் இதற்கு நிறையப் பக்கங்கள் உண்டு. ரயில், மழை, போலீஸ், தோற்றுவிட்டுத் திரும்பி வருவது எல்லாம். இல்லாதது ஒன்றுதான், ஷிப்ட். மேட்ச் ராத்திரி ஏழரைக்கு. ஏ ஷிப்டாக இருந்தால் மத்தியானம் வெளியே வந்து குளித்துவிட்டு பஸ் ஏறலாம். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு. அங்கே மாறி கார்ப்பரேஷன், பிறகு நடை. தூரம் நாற்பது கிலோமீட்டர்தான், சில்க் போர்டு நெரிசலுக்குத்தான் மூன்று மணி நேரம். செகண்ட் ஷிப்ட் என்றால் மேட்ச் இல்லை. நைட் என்றால் பாதி ஆட்டத்தில் ஓடிவர வேண்டும். காண்ட்ராக்ட்காரனுக்கு ஷிப்ட் மாற்றிக்கொடுக்கிற சூப்பர்வைசரிடம் ‘மேட்ச் இருக்குண்ணா’ என்று சொல்லமுடியாது. நான் வருஷத்துக்கு ரெண்டு பாட்டியைச் சாகடித்திருக்கிறேன்.

2018 ஜூன் 2இல் சுனில் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். முந்தின நாள் மும்பையில் இந்தியா சைனீஸ் தைபேயை 5–0 என்று அடித்தபோது பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். ஐரோப்பிய கிளப்புகளைப் பின்தொடர்கிற ரசிகர்களைப் பார்த்து அவர் பேசினார்: திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்று. உருக்கமான பேச்சு, அடுத்த மேட்சுக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. ஆனால் அதையும் ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்த்தேன். அது கூப்பிட்டது யாரை? ராத்திரி முழுக்க வீட்டில் டிவி பார்க்க நேரமுள்ளவனை. வர மனசு இல்லாதவனைத்தான் அந்த வீடியோவுக்குத் தெரியும், மனசு இருந்து பஸ் இல்லாதவனை அதற்குத் தெரியாது. சேத்ரியைக் குற்றம் சொல்லவில்லை. மனுஷர் மைதானத்தில் நின்றபடி கேட்டார், நாங்கள் சில்க் போர்டில் நின்றபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரைக்கும் வந்துவிட்டது. பாதித் தூரம் மிச்சம். வேடிக்கை என்னவென்றால் லீக் நடக்குமா என்றே தெரியாமல் கிளப் ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியதும் அதே ஆகஸ்ட்தான். ரயில் வந்த நேரம் ஆட்டம் நின்றுபோச்சு. கம்பெனிக்காரன் தொடங்கியதை கம்பெனிக்காரன் நிறுத்துவான், ஓசூர்க்காரனுக்கு இது புதுசா என்ன?

2016 செப்டம்பர் 12. காவிரிக் கலவரம். பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்ஸும் லாரியும் எரிந்தன. ரெண்டே நாள் கழித்து, 14ஆம் தேதி, அதே ஊரில் ஏ.எஃப்.சி. கோப்பை காலிறுதி, சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸோடு. தமிழ்நாட்டு பஸ் ஜூஜூவாடியோடு நின்றுவிட்டது. மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் எல்லையை நடந்து தாண்டிக்கொண்டிருந்தார்கள். என்னோடு வருகிற கூட்டாளி ‘ஜெர்சி போட்டுக்கிட்டா ஒன்னும் பண்ணமாட்டாங்கடா, நம்மளையும் பெங்களூர்னுதான் நெனப்பாங்க’ என்றான். யோசித்துப் பார்த்தேன், போகவில்லை. பெங்களூரு 1–0. அக்டோபர் 19இல் நடப்புச் சாம்பியன் ஜோஹோரை 3–1 என்று அடித்து, இறுதிக்குப் போன முதல் இந்திய கிளப் ஆனது. அந்த ராத்திரி நான் மேற்குப் பக்கத்து ஸ்டாண்டில் இருந்தேன். ஒரு மாசத்துக்கு முன்னால் எந்தத் தெருவில் என் பாஷையைப் பேசப் பயந்தேனோ அந்தத் தெருக்காரன் என் தோளில் ஏறி நின்றான். இதைப் பார்த்து மனிதநேயம் வென்றது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எழுத மாட்டேன். தோளில் ஏறியவனுக்கு நான் யார் என்று தெரியாது, அவ்வளவுதான். ஆனால் தெரியாமல் இருப்பதும் எங்களுக்குச் சின்ன விஷயமில்லை.

2018 மார்ச் 17, கண்டீரவாவிலேயே ஐ.எஸ்.எல். இறுதி. எதிரில் சென்னையின் எஃப்.சி. சேத்ரி முதலில் கோல் போட்டும், மெய்ல்சன் ஆல்வெஸ் ரெண்டு தடவை தலையால் முட்டி, 3–2 என்று சென்னை கோப்பையைக் கொண்டுபோனது. போகும்போது பஸ்ஸில் சென்னை ரசிகர்கள் கேட்டார்கள், ‘தமிழந்தானே நீ, உனக்கு எதுக்குய்யா பெங்களூரு?’ வரும்போது பெங்களூர் ஆட்கள் கேட்டார்கள், ‘உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தானே இருக்கே?’ ரெண்டு பேரும் ஹார்ன்பியை வாசித்தவர்கள் இல்லை. ஆனால் ரெண்டு பேரிடமும் அவருடைய கோட்பாடுதான் இருந்தது: பிறந்த இடம் எதுவோ அதுதான் உன் டீம்.

இனி புத்தகத்தில் எனக்கு ரொம்ப முக்கியமான இடம். ஹார்ன்பி லண்டன்காரரே கிடையாது. மெய்டன்ஹெட் என்கிற புறநகர் ஊர், லண்டனிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். நம்ம ஓசூர் கணக்கு. மைதானத்துக்குப் போனால் வட லண்டன் பையன் மாதிரி பேச்சை மாற்றிக்கொள்கிறார், அந்த ஊர்க்காரன் என்றே காட்டிக்கொள்ளப் பார்க்கிறார். இதை அவரே வெட்கத்தோடு, சிரிப்போடு ஒத்துக்கொள்கிறார். அப்படியானால் பிறப்பால் வந்தது என்று சொன்னதெல்லாம்? அவரும் வாராவாரம் பயணம் போய்த்தான் ஆர்சனல்காரர் ஆகியிருக்கிறார். அவருடைய சொந்தக் கதையே அவருடைய கோட்பாட்டை உடைத்துப்போடுகிறது. விமர்சகர்கள் இந்த இடத்தை வேடிக்கை என்று கடந்து போகிறார்கள். ஊரை மாற்றிச் சொல்வது அவருக்கு வேடிக்கை. வாடகை வீடு கேட்டுப் போகிறபோது நம்ம ஆட்கள் மாற்றிச் சொல்வதற்குப் பேர் வேறு.

நானும் சொல்லியிருக்கிறேன். ஸ்டேடியத்தில் சேர்ந்த கூட்டாளி ஒருத்தன், பெங்களூர்த் தமிழன், மேட்ச் முடிந்து வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவங்கம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார்கள், ‘ஓசூர்ல எங்கப்பா?’ சொன்னேன். ‘அது சரி, சொந்த ஊர்?’ அதையும் சொன்னேன். ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ கையில் பிசைந்த சோறு. ‘ஹவுசிங் போர்டு பக்கம்மா’ என்றேன். எங்க ஊரில் ஹவுசிங் போர்டே கிடையாது.

2019இல் மூன்று தமிழ்ப் படங்கள் கால்பந்தை வைத்து வந்தன, ‘பிகில்’, ‘ஜடா’, ‘சாம்பியன்’. மூன்றிலும் ஆடுகிறவனுக்குக் கதை இருக்கிறது, பார்க்கிறவன் வெறும் கூட்டம். இந்தப் பிசைந்த சோற்றை எழுத ஹார்ன்பி மாதிரி ஒருத்தன் நம்மிடம் வேண்டும், அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது அந்த வெட்கத்தை மறைக்காத எழுத்துத்தான். ஆகவே மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அதே வருஷம் மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. ஐ.எஸ்.எல். இறுதி மும்பையில், கோவா எதிரில். மும்பை போகக் காசில்லை. ‘உங்க வீட்ல பாக்கலாம்டா, கிராமத்துச் சோறு போடு’ என்று நாலு பேர் பைக்கில் கிளம்பி வந்துவிட்டார்கள், அவனும்தான். ரோட்டிலிருந்து காலனிக்குத் திரும்புகிற முனையில் அம்பேத்கர் சிலை, நீலக் கொடி. அங்கேயே வண்டியை நிறுத்தி, ‘ஹவுசிங் போர்டுனு சொன்னே?’ என்றான். ‘ஆமா, பொய்’ என்றேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. அம்மா கோழி அடித்து வைத்திருந்தாள். மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவன் வயிறு சரியில்லை என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான். ‘பரவால்ல கண்ணு, ரசம் வேணா ஊத்தட்டுமா?’ என்று அம்மா ரெண்டு தடவை கேட்டாள். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 117ஆவது நிமிஷம் ராகுல் பேக்கே தலையால் முட்டினார். எல்லோருக்கும் முன்னால் எழுந்து குதித்தவன் அவன்தான். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அவன் சட்டையெல்லாம் வியர்வை.

அடுத்த சீசன் முதல் மேட்சுக்கும் நாங்கள் சேர்ந்துதான் போனோம். வயிற்றைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.